சார்லஸ் போன்ஸியும் நம் ஊர் பண இரட்டிப்புத் திட்டங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மகளிர் குழுக்களிடமும், ஓசூர் தொழிற்சாலைகளில் வேலை பார்த்து பி.எஃப். பணத்தோடு ஊர் திரும்பியவர்களிடமும் முதலீட்டு மோசடிகளைப் பற்றிப் பேசும்போது, நூறு வருடத்துக்கு முன் அமெரிக்காவில் நடந்த ஒரு கதையை நான் விடாமல் சொல்வேன். அப்போது என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே பதிலோடு எழுதியிருக்கிறேன்.

யார் இந்த போன்ஸி? பாலக்கோட்டில் இருக்கிற எனக்கு அவர் கதை எதற்கு?

சார்லஸ் போன்ஸி 1882 மார்ச் 3ஆம் தேதி இத்தாலியில் லூகோ என்ற ஊரில் பிறந்தவர். 1903 நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்தில் வந்து இறங்கினார். கையில் இருந்தது இரண்டரை டாலர்தான் என்று பிற்பாடு அவரே சொன்னார்; மீதியைக் கப்பலிலேயே சூதாட்டத்தில் விட்டிருந்தார். 1920இல் அதே பாஸ்டனில் எட்டே மாதத்தில் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி டாலரை மக்களிடம் வாங்கிவிட்டார். புதிதாகச் சேருகிறவரின் பணத்தை எடுத்துப் பழையவருக்கு 'லாபம்' என்று கொடுக்கும் மோசடிக்கு இன்று உலகம் முழுக்க அவர் பெயர்தான்.

பாலக்கோட்டுக்காரருக்கு இது எதற்கு என்றால், மண்டபம் பிடித்து மீட்டிங் போட்டு, 'பணம் ரொட்டேஷனில் இருக்கிறது, ஒவ்வொரு பத்தாம் தேதியும் பேமென்ட் வந்துவிடும்' என்று நம்மிடம் சொல்கிறவர்கள் செய்வதும் அதே வேலைதான். போன்ஸியின் கணக்கு நீதிமன்றம் வரை போய் முழுவதும் வெளியே வந்துவிட்டது. அதனால் அந்த இயந்திரத்தைத் திறந்து உள்ளே பார்க்க முடிகிறது.

இந்த வித்தையை அவரே கண்டுபிடித்தாரா?

இல்லை. 1872இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் அடேலே ஷ்பிட்செடர் என்ற பெண் இப்படி ஒரு 'வங்கி' நடத்திப் பிடிபட்டார். 1899இல் நியூயார்க் புரூக்ளினில் வில்லியம் மில்லர் என்பவர் வாரம் 10 சதவீதம், அதாவது வருடத்துக்கு 520 சதவீதம் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கினார்.

போன்ஸி இதைப் பக்கத்தில் இருந்து பார்த்தது கனடாவில். 1907இல் மான்ட்ரியல் போய், இத்தாலியக் குடியேறிகளுக்காக ஸரோஸி என்பவர் நடத்திய வங்கியில் வேலைக்குச் சேர்ந்தார். மற்ற வங்கிகளைப் போல இரண்டு மடங்காக 6 சதவீத வட்டி அங்கே கிடைத்ததால் கூட்டம் அலைமோதியது. ஆனால் அந்த வங்கி கொடுத்த கடன்கள் திரும்பவில்லை. புதிதாக வந்த டெபாசிட்டை எடுத்துத்தான் வட்டி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஸரோஸி மெக்சிகோவுக்கு ஓடிவிட்டார். அதன்பின் போன்ஸி 423 டாலர் சொச்சத்துக்கு ஒரு செக்கில் போலிக் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டு சிறைக்குப் போனார். அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில், சிறை அதிகாரியிடம் உதவியாளராக வேலை கிடைத்திருக்கிறது என்று எழுதினாராம். வெளியே வந்த பிறகு, இத்தாலியர்களைத் திருட்டுத்தனமாக அமெரிக்காவுக்குள் கூட்டிவந்த வழக்கில் அட்லாண்டா சிறையிலும் இரண்டு வருடம் இருந்தார்.

இதில் ஒன்று கூட 1920இல் பாஸ்டனில் பணம் போட்டவர்களுக்குத் தெரியாது. வெளியூரில் இருந்து வந்து ஆபீஸ் திறக்கிற ஆளின் முந்தைய பத்து வருடத்தை யாரும் விசாரிப்பதில்லை. பெண் எடுக்கும்போது மூன்று தலைமுறை விசாரிக்கிற ஊர் நம்முடையது. பணம் கொடுக்கும்போதும் அந்த விசாரணையைச் செய்யத்தான் வேண்டும்.

தபால் கூப்பனில் லாபம் என்று சொன்னாராமே, அது பொய்யா?

அதில் ஒரு துளி உண்மை இருந்தது. அதனால்தான் அவ்வளவு பேர் நம்பினார்கள்.

ஒரு நாட்டில் இருந்து வேறொரு நாட்டுக்குக் கடிதம் எழுதுகிறவர், பதில் தபாலுக்கான செலவையும் தானே கொடுக்க நினைத்தால், ஒரு கூப்பன் வாங்கி உறைக்குள் வைக்கலாம். கடிதம் பெற்றவர் அதைத் தன் ஊர் தபால் நிலையத்தில் கொடுத்துத் தபால்தலை வாங்கிக்கொள்வார். 1906இல் ரோம் நகரில் கூடிய சர்வதேச அஞ்சல் மாநாட்டில் செய்த ஏற்பாடு இது. முதல் உலகப் போருக்குப் பிறகு இத்தாலி போன்ற நாடுகளின் நாணயம் விழுந்துவிட்டது. ஆனால் அங்கே கூப்பனின் விலை ஏறவில்லை. டாலரை மாற்றி இத்தாலியில் கூப்பன் வாங்கி அமெரிக்காவில் தபால்தலையாக மாற்றினால், காகிதக் கணக்கில் பல மடங்கு லாபம். 1919இல் ஸ்பெயினில் இருந்து வந்த ஒரு கடிதத்தில் இருந்த கூப்பனைப் பார்த்ததும் போன்ஸிக்கு இந்த யோசனை வந்தது.

கூப்பனைக் கொடுத்தால் தபால்தலைதான் கிடைக்கும், பணம் கிடைக்காது. அத்தனை தபால்தலையை யாரிடம் விற்பது? கூப்பனை மூட்டை மூட்டையாக வாங்க எந்தத் தபால் நிலையம் விடும்? போன்ஸியால் இதைத் தீர்க்க முடியவில்லை. தீர்க்காமலேயே மக்களிடம் பணம் வாங்க ஆரம்பித்துவிட்டார்.

பின்னாளில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். அவர் வாங்கிய பணத்துக்கு ஏறக்குறைய 16 கோடி கூப்பன்கள் இருந்திருக்க வேண்டும். உலகத்தில் அப்போது புழக்கத்தில் இருந்தவை சுமார் 27,000.

எவ்வளவு வட்டி சொன்னார்? எவ்வளவு பேர் போட்டார்கள்?

45 நாளில் 50 சதவீதம். 90 நாள் விட்டால் இரட்டிப்பு. 1920 ஜனவரியில் 18 பேர் சேர்ந்து 1,800 டாலர் போட்டார்கள். சொன்ன தேதியில் பணம் வந்ததும் செய்தி பரவியது. ஆட்களைச் சேர்க்க ஏஜெண்டுகளை வைத்து 10 சதவீதம் கமிஷன் கொடுத்தார். கோடைக்குள் பள்ளிக்கூடத் தெருவில் இருந்த அவருடைய அலுவலகத்தில் நிற்க இடமில்லை. மொத்தம் சுமார் 40,000 பேர். குடியேறிய இத்தாலியர்கள், விதவைகள், கடைக்காரர்கள் மட்டுமல்ல, பாஸ்டன் போலீஸ்காரர்கள் பலரும் அதில் இருந்தார்கள்.

நிறையப் பேர் லாபத்தைக் கையில் வாங்கவே இல்லை, அப்படியே மறுபடியும் போட்டார்கள். 45 நாளுக்கு ஒருமுறை 50 சதவீதம் என்றால் ஒரு லட்சம் ஒரே வருடத்தில் 25 லட்சத்தைத் தாண்ட வேண்டும். காகிதத்தில் எழுதிப் பார்த்தால் எந்தத் தொழிலாலும் முடியாது என்று தெரிந்துவிடும். ஆனால் ரசீதில் தொகை ஏறுவதைப் பார்க்கிறவர் அந்தக் கணக்கைப் போடுவதில்லை.

எனக்கு ஆறு மாதமாகத் தேதி தவறாமல் பணம் வருகிறது. மோசடிக்காரன் இப்படிக் கொடுப்பானா?

கொடுப்பான். கொடுத்தால்தான் அந்தத் தொழில் நடக்கும். என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்படுவது இந்தக் கேள்விதான். தயவுசெய்து ஒரு தாளை எடுத்துக்கொண்டு நான் சொல்கிற கணக்கை எழுதிப் பாருங்கள்.

ஒரு லட்சம் கொடுக்கிறீர்கள். மாதம் பத்தாயிரம், வருடக் கடைசியில் அசல் என்று பேச்சு. அடுத்த மாதம் பத்தாயிரம் வருகிறது. அது எங்கிருந்து வந்தது? நீங்கள் கொடுத்த லட்சத்தில் இருந்தே வந்திருக்கலாம். இரண்டாவது மாதமும் அப்படியே. ஆறாவது மாதம் உங்கள் கைக்கு மொத்தம் அறுபதாயிரம் வந்திருக்கும். அவரிடம் உங்கள் பணம் இன்னும் நாற்பதாயிரம் மீதி இருக்கும். இதற்கு அவர் ஒரு தொழிலும் செய்யத் தேவையில்லை, ஒரு புது ஆளைக் கூடப் பிடிக்கத் தேவையில்லை. பத்து மாதம் வரைக்கும் உங்கள் பணத்தையே உங்களுக்குக் கொடுத்து 'நாணயமான கம்பெனி' என்று பெயர் வாங்கலாம்.

அந்த ஆறு மாதத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்? முதல் இரண்டு மாதம் பயந்துகொண்டே பார்ப்பீர்கள். மூன்றாவது மாதம் தங்கையிடம் சொல்வீர்கள். நான்காவது மாதம் நகையை அடகு வைத்து இன்னும் மூன்று லட்சம் போடுவீர்கள். அந்த அறுபதாயிரத்தைக் கொடுத்து அவர் வாங்கியது இதைத்தான். அதனால் ஒழுங்காக வருகிற மாதப் பணத்தை எதற்கும் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பணம் எந்தத் தொழிலில் சம்பாதித்தது, அந்தத் தொழிலில் வாங்குகிறவர் யார், தணிக்கை செய்த கணக்கு எங்கே என்று கேளுங்கள். 'அதெல்லாம் கம்பெனி ரகசியம்' என்று பதில் வந்தால், மேலே ஒரு ரூபாய் கூடப் போடாமல், போட்டதை எழுத்து மூலம் திருப்பிக் கேளுங்கள். போன்ஸியும் எந்த நாட்டில், யார் மூலம் கூப்பன் வாங்குகிறேன் என்பதைத் தொழில் ரகசியம் என்றே கடைசிவரை சொன்னார்.

என்னைச் சேர்த்துவிட்டது என் சொந்த மச்சான். அவர் என்னை ஏமாற்றுவாரா?

மாட்டார். அவரே நம்பிப் போட்டிருப்பார், பல இடத்தில் அவர் பணம்தான் உங்கள் பணத்தைவிட அதிகமாகப் போகும். இந்தத் திட்டங்கள் பரவுவது இப்படித்தான். போன்ஸியின் முதல் வாடிக்கையாளர்கள் அவருடைய இத்தாலிய மக்கள். நம் பக்கம் மச்சான், பங்காளி, கூடப் படித்தவர், ஓய்வு பெற்ற வாத்தியார். மாங்காய் சீசன் முடிந்து கையில் காசு இருக்கும்போது, பட்டுக்கூடு நல்ல விலைக்குப் போனபோது, சாலைக்கோ தொழிற்பேட்டைக்கோ நிலம் கொடுத்து இழப்பீடு வந்தபோது வீடு தேடி வருவது இவர்கள்தான்.

மச்சான் நல்லவரா என்பதும் கம்பெனி நல்லதா என்பதும் வேறு வேறு கேள்விகள். முதலாவதற்கு உங்களுக்குப் பதில் தெரியும். இரண்டாவதற்கு மச்சானுக்கும் தெரியாது.

பேராசைப்படுகிறவர்கள்தானே ஏமாறுகிறார்கள்?

இந்தப் பேச்சை நான் ஏற்பதில்லை. பென்னாகரம், அரூர் பக்கம் மானாவாரி நிலத்தை நம்பி இருக்கிற குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கேழ்வரகு வீட்டுக்குச் சரியாக இருக்கும். மாங்காய் ஒரு வருடம் காய்க்கும், அடுத்த வருடம் பொய்க்கும்; காய்த்த வருடத்தில் விலை இருக்காது. மகன் பெங்களூரில் கட்டட வேலை. இந்த வீட்டில் மாதச் சம்பளம் என்ற ஒன்றை யாருமே வாங்கியதில்லை. 'மாதம் எட்டாயிரம், தேதி தவறாது' என்று ஒருவர் சொன்னால் அந்த அம்மா கேட்பது கோடி ரூபாய் கனவு இல்லை. மளிகைக்கும் மருந்துக்கும் நிலையாக ஒரு தொகை, அவ்வளவுதான். அதைப் பேராசை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

இந்தப் பட்டத்தால் ஒரு கெடுதலும் இருக்கிறது. பேராசைக்காரி என்று ஊர் பேசுமே என்று பயந்து ஏமாந்தவர்கள் வாய் திறப்பதில்லை. அவர்கள் புகார் கொடுக்காத அந்த மாதங்களில்தான் அதே ஆட்கள் அடுத்த ஊரில் மீட்டிங் போடுகிறார்கள்.

அமெரிக்காவில் ஒருவருக்குக் கூடச் சந்தேகம் வரவில்லையா?

வந்தது. பாஸ்டனில் பொருளாதாரம் எழுதும் ஒருவர், இவ்வளவு லாபத்தை நேர் வழியில் கொடுக்கவே முடியாது என்று எழுதினார். போன்ஸி அவதூறு வழக்குப் போட்டு 5 லட்சம் டாலர் இழப்பீடு வென்றார். எழுதியதை நிரூபிக்கும் பொறுப்பு எழுதியவர் தலையில் இருந்த காலம் அது. அதன்பின் கொஞ்ச காலம் யாரும் வாய் திறக்கவில்லை.

1920 ஜூலையில் 'பாஸ்டன் போஸ்ட்' பத்திரிகை தோண்ட ஆரம்பித்தது. பொறுப்பு ஆசிரியராக இருந்த ரிச்சர்ட் குரோஸியர், நிதி விஷயம் தெரிந்த கிளாரன்ஸ் பாரனிடம் கணக்கைப் பார்க்கச் சொன்னார். அதற்குத் தேவையான அளவு கூப்பன்கள் புழக்கத்திலேயே இல்லாததையும், இத்தனை லாபம் தருவதாகச் சொல்கிற போன்ஸி தன் பணத்தைத் தன் திட்டத்தில் போடாமல் வேறு இடங்களில் போட்டிருப்பதையும் பாரன் எடுத்துச் சொன்னார். இரண்டாவது விஷயத்தை நீங்களும் இங்கே விசாரிக்கலாம். மாதம் 10 சதவீதம் தருகிறவர் தன் பணத்தில் ஏன் வீட்டுமனையாக வாங்கிப் போடுகிறார்?

செய்தி வந்ததும் பணம் கேட்டுக் கூட்டம் திரண்டது. புதுப் பணம் வாங்குவதை நிறுத்துவதாக அரசு வழக்கறிஞரிடம் ஒப்புக்கொண்டிருந்த போன்ஸி, கூட்டத்தோடு சிரித்துப் பேசி, காபியும் டோநட்டும் கொடுத்து, மூன்றே நாளில் சுமார் 20 லட்சம் டாலரைத் திருப்பிக் கொடுத்தார். வரிசையில் நின்ற பலர் மனம் மாறி, கொடுத்த பணம் இருக்கட்டும் என்று வீட்டுக்குத் திரும்பினார்கள். அந்தக் காட்சி எனக்கு நன்றாகப் புரிகிறது. கேட்டவருக்கு உடனே கொடுக்கிறார் என்பதைப் போல நம்பிக்கை தருவது வேறு எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 2ஆம் தேதி, அவரே விளம்பர வேலைக்கு வைத்திருந்த மெக்மாஸ்டர்ஸ் என்பவர், இந்த ஆள் திவால், கடனில் மூழ்கிக் கிடக்கிறார் என்று அதே பத்திரிகையில் எழுதினார். 11ஆம் தேதி மான்ட்ரியல் சிறைக் கதை வெளியானது. 12ஆம் தேதி போன்ஸி கைதானார். தணிக்கையில் சுமார் 70 லட்சம் டாலர் பற்றாக்குறை. அடுத்த வருடம் அந்தப் பத்திரிகைக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

பணம் போட்டவர்களுக்குக் கடைசியில் எவ்வளவு கிடைத்தது?

வருடக்கணக்கில் காத்திருந்த பிறகு, போட்டதில் மூன்றில் ஒரு பங்குபோல. அவர் கையில் எடுத்துக்கொண்டிருந்த ஹனோவர் டிரஸ்ட் வங்கி மூடப்பட்டது. அதோடு வேறு சில வங்கிகளும் விழுந்தன. திட்டத்தில் ஒரு காசு கூடப் போடாத, வங்கியில் சேமிப்பு மட்டுமே வைத்திருந்த குடும்பங்களும் அடிபட்டன.

முதலிலேயே போட்டு, விழுவதற்குள் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டால் லாபம்தானே?

சாமர்த்தியமாகப் பேசுகிற இளைஞர்கள் கேட்கும் கேள்வி இது. பதில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது. திவால் செய்தி வந்த ஆகஸ்ட் 2ஆம் தேதிக்குப் பிறகு ஓடிப்போய்ப் பணத்தை மீட்டவர்கள் மீது, அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி வழக்குப் போட்டார்கள். 1924இல் தலைமை நீதிபதி டாஃப்ட் தீர்ப்பு எழுதினார். அதற்கு முன் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்தவர் அவர். மீதி இருக்கிற பணம் ஏமாந்த எல்லோருக்கும் பொது, முந்திக்கொண்டவர் தனியாக வைத்துக்கொள்ள முடியாது, திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றது தீர்ப்பு.

சட்டத்தை விடுங்கள். உங்கள் கைக்கு வந்த லாபம் உங்களுக்குப் பின்னால் சேர்ந்தவரின் பணம். நம் ஊரில் அவர் யாரென்று உங்களுக்குப் பெரும்பாலும் தெரிந்தே இருக்கும்.

போன்ஸிக்கு என்ன தண்டனை? பிறகு திருந்தினாரா?

தபால் வழி மோசடிக்கு 1920 நவம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஐந்து வருடத் தண்டனை வாங்கினார். மூன்றரை வருடம் இருந்தார். பிறகு மாசசூசெட்ஸ் மாநிலம் தனியாக வழக்கு நடத்தியது. அதில் மேல்முறையீட்டுக்காக வெளியே இருந்தபோதே, 1925இல், ஃபுளோரிடா போய் நிலம் விற்க ஆரம்பித்தார். 60 நாளில் 200 சதவீத லாபம் என்று விளம்பரம். விற்ற மனைகளில் பல சதுப்பு நிலம், சில தண்ணீருக்குள். அங்கேயும் தண்டனை வந்ததும், தலையை மொட்டையடித்து, மீசை வைத்துக்கொண்டு இத்தாலியக் கப்பலில் தப்பிக்கப் பார்த்து நியூ ஆர்லியன்ஸில் பிடிபட்டார். 1934இல் சிறையில் இருந்து விட்டதும், குடியுரிமை இல்லாததால் இத்தாலிக்கு அனுப்பிவிட்டார்கள். மனைவி ரோஸ் பாஸ்டனிலேயே தங்கி, 1937இல் விவாகரத்து வாங்கினார். போன்ஸி கடைசியில் பிரேசில் போய், 1949 ஜனவரி 18ஆம் தேதி ரியோ டி ஜெனீரோவில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் இறந்தார். பாஸ்டன் மக்களுக்கு நல்ல ஒரு வேடிக்கையைக் காட்டினேன், அவர்கள் கொடுத்த பணத்துக்கு அது மலிவு என்ற மாதிரி கடைசிப் பேட்டியில் சொல்லியிருக்கிறார். சேமிப்பை இழந்த விதவைகளை நினைத்தால் அந்தப் பேச்சு எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அவர் நல்ல மனிதர் என்றும் சொல்கிறார்களே?

தீக்காயம் பட்ட ஒரு நர்ஸுக்காகத் தன் தோலை எடுத்துக் கொடுத்தவர் அவர். கலகலப்பாகப் பழகுவார். வசதி வந்ததும் இத்தாலியில் இருந்து அம்மாவை அழைத்துவந்து வைத்துக்கொண்டார். எல்லாம் உண்மைதான். 'பார்த்தால் அப்படித் தெரியவில்லை, கோயிலுக்கு நன்கொடை கொடுக்கிறார்' என்று நம்மிடம் சொல்கிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

படித்தவர்கள், பெரிய முதலாளிகள் இதில் விழ மாட்டார்கள் அல்லவா?

பெர்னி மேடாஃப் என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையின் தலைவராக இருந்தவர். அவரிடம் ஏமாந்தவர்களில் வங்கிகளும் அறக்கட்டளைகளும் கோடீஸ்வரர்களும் உண்டு. 2008 டிசம்பர் 11ஆம் தேதி கைதானபோது, வாடிக்கையாளர்களின் கணக்கில் காட்டப்பட்டிருந்த தொகை ஏறக்குறைய 6,500 கோடி டாலர். பெரும்பகுதி வெறும் எழுத்து. ஹாரி மார்கோபோலோஸ் என்பவர் 2000இல் இருந்தே கட்டுப்பாட்டு அமைப்புக்குக் கணக்கோடு எழுதிக் கொடுத்தும் அவர்கள் அசையவில்லை. மேடாஃபுக்கு 150 வருடத் தண்டனை. 2021இல் சிறையிலேயே இறந்தார்.

இவர் இரட்டிப்பு என்று சொல்லவே இல்லை. வருடத்துக்குச் சுமார் 10 சதவீதம்தான், ஆனால் சந்தை ஏறினாலும் இறங்கினாலும் அது மாறாமல் வந்தது. வட்டி குறைவாகச் சொல்கிறார்களே, நம்பலாமா என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் என் பதில். சந்தையில் இருக்கிற எதுவும் மாதாமாதம் ஒரே அளவில் வராது.

கம்பெனி பதிவுச் சான்றிதழ், ஜி.எஸ்.டி. எண் எல்லாம் காட்டினார்களே?

போன்ஸியும் 1919 டிசம்பரில் தன் கம்பெனிப் பெயரை பாஸ்டன் நகர அலுவலகத்தில் முறையாகப் பதிந்திருந்தார். கம்பெனி பதிவு என்பது அந்தப் பெயரில் ஒரு கம்பெனி இருக்கிறது என்பதற்கு மட்டும் சாட்சி. பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கும் அனுமதி அதில் இல்லை. அந்த அனுமதி ரிசர்வ் வங்கி, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி போன்ற அமைப்புகளிடம் இருந்து வர வேண்டும். ரிசர்வ் வங்கியின் 'சசேத்' இணையதளத்தில் யாருக்கு அனுமதி இருக்கிறது என்று தேடலாம், அங்கேயே புகாரும் கொடுக்கலாம். 20 ரூபாய் பத்திரத்தில் எழுதிக் கொடுக்கும் 'பாண்டு' எந்த அனுமதிக்கும் ஈடாகாது.

அப்படியானால் சீட்டே போடக் கூடாதா?

ஏலச் சீட்டு வேறு விஷயம். அதில் இருபது பேர் போடும் பணத்தை அந்த இருபது பேரே முறைவைத்து எடுக்கிறார்கள். புது ஆள் தேவையில்லை. 1982ஆம் வருடச் சீட்டு நிதிச் சட்டப்படி, பதிவுத் துறையில் முன் அனுமதி வாங்கி, சீட்டுத் தொகைக்கு ஈடாகப் பிணை கட்டிய பிறகே ஒவ்வொரு சீட்டையும் தொடங்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தெருவில் தெரிந்தவர் நடத்தும் தீபாவளிச் சீட்டுக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது.

நகைக்கடைச் சீட்டு 11 மாதத்தில் முடிவதற்கும் காரணம் உண்டு. பொருளுக்காக வாங்கும் முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகக் கொடுத்துவிட வேண்டும் என்று கம்பெனி விதி சொல்கிறது. அதைத் தாண்டினால் டெபாசிட் ஆகிவிடும். 18 மாதம், 24 மாதம் என்று நகைச் சீட்டு சொன்னால் விலகிக்கொள்ளுங்கள்.

வங்கி டெபாசிட்டுக்கு ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரை காப்பீடு இருக்கிறது. கூட்டுறவு வங்கிகளுக்கும் உண்டு. ஆனால் ஊரில் இருக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் போடும் பணத்துக்கு இந்தக் காப்பீடு வராது.

கண்ணால் பார்க்கிற பொருள் இருக்கிறதே? ஆடு, மாடு, தேக்கு மரம், பண்ணை?

2012இல் ஈரோடு மாவட்டம் பெருந்துறையில் ஈமு கோழித் திட்டங்கள் சரிந்ததை மறந்துவிட முடியாது. கோழி இருந்தது, கொட்டகை இருந்தது, தீவனமும் வந்தது. ஆனால் ஈமு கறியையும் எண்ணெயையும் அந்த விலைக்கு வாங்க ஆளில்லை. புதிதாகச் சேர்ந்த விவசாயி கட்டிய பணம்தான் பழையவருக்கு மாதாமாதம் போனது. பணம் நின்றதும் கோழிகள் தீவனம் இல்லாமல் செத்தன. எந்தப் பண்ணைத் திட்டத்திலும் வெளிச்சந்தையில் இதை யார், என்ன விலைக்கு வாங்குகிறார் என்று பாருங்கள். பட்டுக்கூட்டுக்குத் தருமபுரியில் ஏல அங்காடி இருக்கிறது. மாங்காய்க்குக் கிருஷ்ணகிரியில் கூழ் ஆலைகள் இருக்கின்றன. அப்படி ஒரு சந்தை கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

பணம் போட்டாயிற்று. இப்போது என்ன செய்வது?

முதலில், மேலும் போடாதீர்கள். 'இன்னும் ஐம்பதாயிரம் கட்டினால் பழையது ரிலீஸ் ஆகும்' என்பது இரண்டாவது கொள்ளை. அசல் பாண்டு, ரசீது, செக், வாட்ஸ்அப் பேச்சு, வங்கிப் பரிமாற்ற விவரம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பழைய பாண்டைக் கொடுத்துப் புதியது வாங்கிக்கொள்ளச் சொன்னால் கொடுக்காதீர்கள். செக் வைத்திருந்தால் தேதியில் இருந்து மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். திரும்பினால் 30 நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ் போக வேண்டும்.

பிறகு பொருளாதாரக் குற்றப் பிரிவு போலீசில் புகார் கொடுங்கள். வழி தெரியாவிட்டால் மாவட்ட எஸ்.பி. அலுவலகத்தில் கேளுங்கள். தமிழ்நாட்டில் 1997ஆம் வருட முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி கம்பெனியின் சொத்தை முடக்கி, சிறப்பு நீதிமன்றம் மூலம் விற்றுப் பகிர முடியும். அதற்குப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். போனில் ஆப் மூலம் போன பணம் என்றால் அடுத்த நிமிடமே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். பணம் வேறு கணக்குக்கு மாறுவதற்குள் நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கிறது. கமிஷன் கொடுத்தால் மீட்டுத் தருகிறேன் என்று வருகிற புது ஆட்களிடம் ஏமாறாதீர்கள்.

வீட்டில் சொல்லப் பயமாக இருக்கிறது என்று நிறைய அக்காமார்கள் சொல்லியிருக்கிறார்கள். அண்ணன், தம்பி, மூத்த மகள் என்று யாராவது ஒருவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். தனியாகச் சுமந்துகொண்டு கந்துவட்டி வாங்கி அதை மூடப் பார்ப்பதுதான் குடும்பத்தை உடைக்கிறது.

நான் நாலு பேரைச் சேர்த்துவிட்டேன், கமிஷனும் வாங்கினேன். என் மீதும் வழக்கு வருமா?

வரலாம். 2019ஆம் வருட முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டத்தில், அனுமதியில்லாத திட்டத்தில் தெரிந்தே ஆள் சேர்ப்பதற்கே ஒரு வருடத்தில் இருந்து ஐந்து வருடம் வரை சிறை, அபராதமும் உண்டு. பணம் வாங்கியவருக்கு இரண்டில் இருந்து ஏழு வருடம்; மோசடியாகத் திருப்பிக் கொடுக்காமல் விட்டால் பத்து வருடம் வரை. ஒளிந்துகொள்ளாதீர்கள். ஒரு வக்கீலைப் பாருங்கள். யாரிடம் எவ்வளவு வாங்கி எந்தக் கணக்கில் கட்டினீர்கள், எவ்வளவு கமிஷன் வந்தது என்று தேதியோடு எழுதுங்கள். நீங்கள் சேர்த்த நாலு பேரையும் கூட்டிக்கொண்டு, அந்தத் தாளோடு நீங்களே போய்ப் புகார் கொடுங்கள்.